முதல் நாள் எது?

“இன்னைக்கு ரெண்டாவது நாள்தான் டாக்டர். காய்ச்சல்கூட விட்டுடுச்சு. சும்மா உங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமேன்னுதான் கூப்பிட்டேன்.”

கொரோனாவின் இரண்டாம் ஆண்டு. நான் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்ததைவிட, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டதுதான் அதிகம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது அழைப்புகள் வரும். இந்த மனிதருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. அவர் சொன்ன சேதியில் கவலைப்பட எதுவும் இல்லை. சொன்ன விதம்தான் உறுத்தியது. “ரெண்டாவது நாள்தான்” என்றதும் ஒரு மூச்சு. “டாக்டர்” என்றதும் இன்னொரு மூச்சு. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டிய வாக்கியத்தை மூன்றாக உடைத்துச் சொன்னார். அது அவருக்கே தெரியவில்லை.

“எதிலிருந்து ரெண்டாவது நாள்?”

“நேத்து ரிசல்ட் வந்துச்சே, அதிலிருந்து.”

“டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?”

“சனிக்கிழமை.”

“சரி, உடம்பு வலி, தொண்டை கரகரப்பு இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது?”

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. “போன வாரம் திங்கட்கிழமையே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னு படுத்துட்டாருங்க டாக்டர். தூக்கம் பத்தலைன்னு நாங்க விட்டுட்டோம்.”

அன்று செவ்வாய். அந்தத் திங்களை முதல் நாளாக வைத்தால் அவருக்கு அது ஒன்பதாவது நாள். இரத்தத்தின் ஆக்சிஜனைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டச் சொன்னேன். 87 காட்டியது. அன்றிரவே மருத்துவமனையில் சேர்ந்தார். பன்னிரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, இளைத்துப்போய், ஆனால் நடந்தே வீடு திரும்பினார்.

ரிசல்ட் வந்த நாள்தான் முதல் நாள் என்று நினைத்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. நான் கேட்ட நோயாளிகளில் பெரும்பாலானோர் அப்படித்தான் எண்ணினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆரம்ப மாதங்களில் நானும் “டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சீட்டில் தேதி அச்சாகியிருந்தது, அதைப் பார்த்து எழுதுவது சுலபமாக இருந்தது. அப்படி எழுதி, “இன்னும் ஆரம்பக் கட்டம்தான், ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க” என்று நான் ஒருவருக்குச் சொன்ன இரவில்தான் அவரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைச் சீட்டின் தேதியோடு நான் முடித்துக்கொண்டதே இல்லை.

இந்த நோய்க்கு நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? கோவிட் அடிப்படையில் இரண்டு கட்டமாக நடக்கிற நோய். முதல் வாரம் வைரஸின் வாரம். அது பெருகுகிறது, காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி எல்லாம் வருகின்றன. பெரும்பாலானோருக்கு நோய் அத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் இரண்டாம் வாரத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி, நுரையீரலில் அழற்சியைக் கிளப்பிவிடும். வைரஸ் குறையத் தொடங்கிய பிறகு வருகிற ஆபத்து இது. வூஹானின் முதல் 41 நோயாளிகளைப் பற்றி 2020 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த கட்டுரையிலேயே இதற்கான தடயம் இருந்தது. அறிகுறி தொடங்கியதற்கும் மூச்சுத்திணறல் வந்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி, இடைநிலைக் கணக்கில் 8 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பின். எட்டாம் நாளை இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

காய்ச்சல் விடுவது இதில் ஒரு பெரிய ஏமாற்று. ஐந்தாம், ஆறாம் நாள் வாக்கில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தெர்மாமீட்டர் அலமாரிக்குள் போய்விடும், ஆக்சிமீட்டரும் கூடவே போய்விடும். கவனிக்க வேண்டிய நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. டெங்குவிலும் இதே கதைதான், காய்ச்சல் இறங்குகிற வேளையில்தான் ஆபத்துக் கட்டம் ஆரம்பமாகும். “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் “இது எத்தனையாவது நாள்?” என்று பதிலுக்குக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் என்னைக் கரிநாக்கு என்கிறார்கள்.

கணக்குத் தப்பியதற்கு மக்களின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரடங்கில் யாருக்குத்தான் கிழமை நினைவிருந்தது? வேலைக்குப் போகிற நாள், விடுமுறை நாள், பள்ளி நாள் என்று வாரத்துக்கு இருந்த முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்து கிடந்தன. எழுந்தால் அதே அறை, அதே திரை, அதே முகங்கள். “எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டால் “மூணு நாலு நாள் இருக்கும்” என்பார்கள். அந்த மூணு நாலு நாள் விசாரித்துப் பார்த்தால் ஏழாக இருக்கும். அதனால் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு வேறு வழியில் விசாரிக்கத் தொடங்கினோம். கடைசியாகச் சாப்பாடு ருசித்தது எப்போது? கடைசியாக மாடிப்படி ஏறியது எப்போது? பிள்ளையின் ஆன்லைன் பரீட்சையின்போது நன்றாக இருந்தீர்களா? ஒரு பெண் இதற்கெல்லாம் பதில் தெரியாமல் விழித்துவிட்டு, “துணி துவைக்கும்போது சோப்பு வாசனையே வரலை, சோப்பு மட்டமா போச்சுன்னு நினைச்சேன்” என்றார். எப்போது துவைத்தீர்கள் என்று கேட்டோம். தேதி கிடைத்துவிட்டது.

வயதானவர்களிடம் இது இன்னும் கஷ்டம். பலருக்குக் காய்ச்சலே வராது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு எங்கோ கிளம்ப வேண்டும் என்றார், இவ்வளவுதான் தெரியும். ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அந்தக் குழப்பம்தான் அவருக்கு முதல் நாள். முந்தாநாள் வரை தெளிவாக இருந்த பெரியவர் திடீரென்று குழம்பினால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். கோவிட் மட்டும் என்றில்லை, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு என்று எதுவாகவும் அது இருக்கலாம்.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரத்தத்தின் ஆக்சிஜனை நாடித்துடிப்பை வைத்து அளக்கும் இந்த முறையை 1970-களில் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். அந்தச் சின்னக் கவ்வி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எண் வருகிறது. விரல் சில்லிட்டிருந்தாலும், அடர்ந்த நகப்பூச்சு இருந்தாலும், கை ஆடினாலும் எண் தப்பும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. ஆகவே ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். காலையில் 97 இருந்தது மாலையில் 94 என்றால், இரண்டும் ‘நார்மல்’ பக்கம்தானே என்று ஆறுதல் அடையாதீர்கள். இறங்குகிறது என்பதே சேதி. 90-க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படியே அது தீவிர நோய்.

87 வரை குறைந்தும், முதலில் சொன்ன அந்த மனிதருக்கு ஏன் மூச்சு முட்டவில்லை? மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது உடம்பில் தேங்குகிற கரியமில வாயு. கோவிட் நுரையீரலில் ஆக்சிஜன் உள்ளே போவது கெட்டாலும், கரியமில வாயு பல நாள் வரை தாராளமாக வெளியேறிக்கொண்டிருக்கும். மூளைக்கு மணி அடிக்காது. நோயாளி சாய்ந்து உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது, மூச்சை எண்ணுகிற உங்களுக்குத் தெரிந்துவிடும். எண்ணுவதை அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். வேறு எதையோ பார்ப்பதுபோல் வயிற்றையோ நெஞ்சையோ பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24, 25 என்று போனால் டாக்டரை அழையுங்கள். 30-ஐத் தாண்டினால் வண்டியை அழையுங்கள். இதற்குக் கருவி வேண்டாம், நொடி முள் இருக்கிற கடிகாரம் போதும்.

நாள் கணக்கு தப்பியதால் நடந்த மிகப் பெரிய கெடுதல், என் கண்ணால் பார்த்தவரை, ஸ்டீராய்டு விஷயத்தில்தான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று சொன்னது. 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஆய்வு அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல சேதி. ஆனால் சேதியின் மீதிப் பாதி வாட்ஸாப்பில் ஏறவில்லை: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. அறிகுறி தொடங்கி ஏழு நாளைத் தாண்டியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. காரணம் எளிது. ஸ்டீராய்டு அடக்குவது எதிர்ப்புச் சக்தியை. இரண்டாம் வாரத்தில் அதை அடக்கினால் நுரையீரல் தப்பும். முதல் வாரத்தில் அடக்கினால் வைரஸுக்கு வழிவிட்டதாகும்.

என்னிடம் வந்த ஒருவர் காய்ச்சல் கண்ட அன்றே மாத்திரையைத் தொடங்கியிருந்தார். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். உறவினருக்கு ஒரு மருத்துவமனையில் எழுதிய சீட்டின் படத்தைக் காட்டினார். அந்த உறவினர் ஆக்சிஜன் வைத்திருந்தவர், பத்தாவது நாளில் இருந்தவர். இவருக்கு முதல் நாள். மாத்திரை ஒன்றுதான், மில்லிகிராமும் அதேதான். இவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையை 400-க்கு மேல் ஏற்றிவிட்டிருந்தது. மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவுகிற பூஞ்சைத் தொற்று அந்த நாட்களில் அத்தனை பேருக்கு வந்ததில், இப்படி ஏறிய சர்க்கரைக்கும் கண்டபடி விழுங்கிய ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு. இவர் அதிலிருந்து தப்பினார். மருந்தை நிறுத்தி, இன்சுலின் போட்டு, சர்க்கரையைக் கீழே கொண்டுவர எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

எனக்கும் வந்தது. ஊருக்கெல்லாம் முதல் நாள் எது என்று பாடம் எடுத்த நான் என்னுடைய முதல் நாளைத் தவறவிட்டேன். முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் போட்டு எட்டு மணி நேரம் நின்றால் உடம்பு வலிக்கத்தானே செய்யும் என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் சானிடைசரை முகர்ந்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. தனியறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் 3 என்று எழுதினேன். பேனா அங்கேதான் இருந்தது என்றாலும் 1, 2 போட்டிருக்க வேண்டிய கட்டங்களைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்ற பட்டியல் தலைக்குள் ஓடியது. அறிகுறிக்கு முந்தைய இரண்டு நாளிலேயே தொற்று பரவத் தொடங்கிவிடும் என்பதால் பட்டியல் இன்னும் நீண்டது. ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். ஒருத்தர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

உலக சுகாதார அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தார்கள். வைரஸுக்கு அந்தத் தேதி பற்றித் தெரியாது. தடுப்பூசியாலும் ஏற்கெனவே வந்துபோன தொற்றாலும் அது இப்போது பெரும்பாலானோருக்குச் சளிக்காய்ச்சலாகக் கழிந்துவிடுகிறது. வயது கூடியவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இன்னும் அந்தப் பழைய நோய்தான். அவர்களுக்கு நாள் கணக்கு வேறு விதத்திலும் உதவும். வைரஸைத் தடுக்கிற மாத்திரைகளை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று அந்த ஐந்து நாளும் போனால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நோய் போன பிறகும் சிலருக்குக் கணக்கு முடிவதில்லை. தொற்று வந்து மூன்று மாதம் ஆகியும் அசதி, மூச்சு வாங்கல், மறதி என்று இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, அதற்கு வேறு காரணமும் இல்லையென்றால் அதை நீள்கோவிட் என்கிறோம். இவர்களிடம் “சோம்பேறித்தனம், எழுந்து நட” என்று சொல்லாதீர்கள். சிலருக்கு இன்று கூடுதலாக நடந்தால் நாளையோ மறுநாளோ உடம்பு விழுந்துவிடும். ஒரு நோட்டில் என்ன செய்தோம், மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதிவரச் சொல்கிறேன். அந்த நோட்டு, ஸ்கேனைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

போன மாதம் இருமலோடு ஒருவர் வந்தார். எதிரே உட்கார்ந்தார், பின்னாலேயே அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்.

“எப்பயிருந்து இருக்கு?”

“நேத்துலயிருந்துதான் டாக்டர்.”

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் பையைத் திறந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “இருங்க டாக்டர், வெள்ளிக்கிழமை எங்க அம்மாகிட்ட பேசும்போதே பின்னாடி இருமிட்டு இருந்தார். நேரத்தோட சொல்றேன்.”