மழை ஊரில் மக்கு உரம்: முதலில் சருகு, பிறகுதான் டிரம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வீட்டில் மக்கு உரம் போடத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், காரணம் பெரும்பாலும் நாற்றம்தான். புழு வைத்தது, பக்கத்து வீட்டார் முகம் சுளித்தார்கள், டிரம்மைக் கவிழ்த்து வாழை மரத்தடியில் கொட்டியாகிவிட்டது. இதில் சமையல் கழிவைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை ஈரத்தில் இருக்கிறது. குவியல் காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளியுங்கள் என்று சொல்லும் குறிப்புகள் வெயில் காயும் ஊர்களுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் பக்கத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டிய நாள் அபூர்வம். நமக்குக் குறைவது உலர்ந்த பொருள்.

கணக்கு எளிது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல் ஆகியவற்றின் எடையில் முக்கால் பங்காவது தண்ணீர். ஒரு கிலோ கழிவில் 750 கிராம் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற ஈரம் 50 முதல் 60 விழுக்காடு. அதற்கு மேல் போனால் இடுக்குகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும், காற்று நுழையாது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். அழுகல் நாற்றம் அவற்றால் வருவது. அதே ஒரு கிலோவுடன் நன்கு காய்ந்த சருகு 400 கிராம் கலந்தால் மொத்தம் 1,400 கிராம், அதில் நீர் 750. ஈரம் 54 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதமும் இதிலேயே சரியாகிறது. சமையல் கழிவில் அது ஏறக்குறைய 15க்கு 1, சருகில் 40க்கு 1 அல்லது அதற்கும் மேல். மக்குவதற்குத் தேவையான 25 முதல் 30 வரையிலான விகிதத்தைக் கலவை நெருங்கிவிடும்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு ஒரு கிலோ கழிவு சேர்ந்தால், இரண்டு மாதத்துக்கு 25 கிலோ சருகு வேண்டும். பெரிய உரச் சாக்கில் மிதித்து அடைத்தால் மூன்று நான்கு சாக்கு ஆகும். இது கையில் இல்லாமல் டிரம் வாங்கி வைப்பதில் பயனில்லை. தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சருகு சும்மாவே கிடைக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. வட மாநிலங்களில் மழை குறைந்திருக்கும் காலமும் அதுவே என்பதால் இலை மொரமொரவென்று கிடக்கும். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு வாரி, சாக்கில் கட்டி, கூரைக்குக் கீழே செங்கல்மேல் அடுக்கி வையுங்கள். அந்தச் சாக்குகள்தான் மழை மாதங்களில் உங்களைக் காப்பாற்றும். சாக்கில் ஒட்டிய உரத்தை முன்பே கழுவிக் காய வைத்துவிட வேண்டும்.

அந்தச் சருகைத்தான் பல வீடுகளில் மாலையில் கூட்டிக் கொளுத்துகிறார்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிப்பில் காகிதம், பிளாஸ்டிக், தகரம்தான் தனியே போகின்றன. சமையல் கழிவு "எஞ்சிய கழிவு" என்ற பெயரில் மற்றதோடு லோரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகிறது. அதைக் காப்பாற்ற வீட்டுக் கொல்லையை விட்டால் வேறு இடமில்லை.

சருகு போதாதபோது மரத்தூள் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தளவாடத் தொழிற்சாலையில் அறுக்கும் ரப்பர் மரப் பலகை, பூஞ்சையும் துளைவண்டும் தாக்காமலிருக்கப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தப்பட்டது. அதன் தூளில் போரான் தங்கியிருக்கும். போரான் சிறிது கூடினாலும் செடியின் இலை நுனி கருகும். பதப்படுத்தாத பச்சை மரத்தை அறுக்கும் ஆலையின் தூள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், கொஞ்சமாகச் சேருங்கள். செம்பனை மட்டையில் நடு நரம்பு மக்கப் பல மாதம் பிடிக்கும். கீற்றுகளை மட்டும் உருவி எடுத்து நறுக்கிப் போடலாம். களைக்கொல்லி அடித்த வரப்பிலிருந்து லாலான் புல்லை அள்ளி வராதீர்கள். மக்கிய பிறகும் வீரியம் போகாத மருந்துகள் உண்டு, மிளகாய்க் கன்று முதலில் சுருளும்.

டிரம் அமைப்பு

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் போதும். இரண்டு வேண்டும்: ஒன்று நிறையும்போது மற்றது முதிரும். வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சோயா சாஸ், ஊறுகாய், சமையல் எண்ணெய் என்றால் சரி. மருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

அடியில் 15 துளை, பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் துளைகள். எல்லாம் 10 மில்லிமீட்டர் துரப்பணம் கொண்டு போடுங்கள். அதைவிடப் பெரிதாகப் போட வேண்டாம், காரணம் கீழே வருகிறது. டிரம்மை நான்கு செங்கல்மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும். எலி கடிக்கும் இடமாக இருந்தால் அரை அங்குலக் கம்பி வலையை அடியிலும் பக்கத்திலும் சுற்றிக் கட்டுங்கள். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் வரும். கிளறும்போது கையுறை போடுவது அதற்காகத்தான். மூடியைத் திறக்குமுன் டிரம்மைக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுவதும் நல்ல பழக்கம்.

அடியில் தேங்காய் மட்டைத் துண்டும் சுள்ளியுமாக ஒரு சாண் உயரம். அதன்மேல் சருகு நான்கு விரல். தொடக்கத்தில் ஒரு முறை, மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுச் சாணம் இரண்டு கிலோ கரைத்து ஊற்றினால் வேலை சுறுசுறுப்பாகும். சாணம் கிடைக்காவிட்டால் தோட்டத்து மேல்மண் இரண்டு கைப்பிடி போதும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொட்டலம் இல்லாமலே இது நடக்கும்.

அதன்பிறகு தினமும் கழிவை வடித்து, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டு, எடையில் அல்ல, கொள்ளளவில் அதற்கு மூன்று நான்கு மடங்கு நொறுக்கிய சருகை அமுக்காமல் மேலே பரப்புங்கள். கழிவு கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஈ மொய்க்காமலிருக்க இதுவே போதும். பத்து நாளுக்கு ஒரு முறை அடிவரை கிளற வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு போதவில்லை.

நம் சமையலறைக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையில் கொழுப்பு நிறைய இருக்கிறது. கட்டியாகக் கொட்டினால் சிக்கு வாடையும் எறும்பும் வரும். சருகோடு பிசறி, நாளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த சோறும் பருப்பும் களியாக ஒட்டிக் காற்றை அடைக்கும். உதிர்த்துப் போட வேண்டும், அல்லது கோழிக்கு. மீன் குடல், எலும்பு, எண்ணெய்க் குழம்பு டிரம்முக்கு வேண்டாம். எலி, நாய், உடும்பு எல்லாவற்றையும் அழைக்கும். நாசி லெமாக் மடித்துத் தரும் பழுப்புக் காகிதத்தின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு, அது மக்காது. வாழை இலை மக்கும். பூமாலையில் நைலான் நூலையும் ஜரிகையையும் உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள். ஒட்டுக்கடையில் வடிகட்டிக் கொட்டும் தேயிலைத் தூள் அருமையான பொருள். ஆனால் அதில் பாலும் சீனியும் கலந்திருந்தால் எறும்பு விடாது.

நாற்றத்தைக் கூர்ந்து கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிஞ்சிக் காற்று போகவில்லை. வெளியே கொட்டி, ஒரு சாக்குச் சருகு கலந்து திரும்ப நிரப்புங்கள். மூக்கைச் சுடும் அம்மோனியா வாடை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, பச்சைப் புல்லை மொத்தமாகப் போட்டிருப்பீர்கள். அதற்கும் சருகுதான் மருந்து. சுண்ணாம்பு தூவினால் வாடை அடங்கும் என்று சொல்வார்கள். உண்மையில் அது தழைச்சத்தை அம்மோனியாவாக விரட்டிவிடும். எறும்புப் புற்று வைத்தால் மட்டுமே குவியல் காய்ந்துவிட்டது என்று பொருள், அப்போது தண்ணீர் தெளிக்கலாம்.

இவ்வளவு சிறிய டிரம்மில் சூடு நிலையாக 55 பாகை செல்சியஸைத் தொடாது. விதை முற்றிய களையும் நோய் கண்ட செடியும் சாக அந்தச் சூடு சில நாளாவது நிற்க வேண்டும். அதற்கு ஒரு கன மீட்டர் குவியல் தேவை. ஆகவே அவற்றை டிரம்மில் போட வேண்டாம்.

புழுவைப் பார்த்துப் பயப்படுமுன்

கிளறும்போது தட்டையான, பழுப்பு நிற, காலில்லாத புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்தால் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்னும், கேடில்லை. ஈரம் சற்று கூடுதல் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டிய புழு வேறு. வெள்ளையாக, விரல் பருமனில், வளைந்து சுருண்டு கிடக்கும். பழுப்புத் தலையும் மூன்று சோடிக் காலும் உண்டு. அது காண்டாமிருக வண்டின் குட்டி. செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. மறுநடவில் வெட்டி அடுக்கிய செம்பனைத் தண்டு மக்கும் இடமெல்லாம் இந்த வண்டு முட்டையிடுகிறது. இரவில் பறந்து வந்து உரக்குழி, சாணக்குவியலிலும் இடும். வளர்ந்த வண்டு இளம் செம்பனை, தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரியும் ஓலை விசிறிபோல் வெட்டுப்பட்டிருந்தால் அது வண்டின் வேலை. உங்கள் குவியல் அதன் தொட்டிலானால் தோட்டமும் பக்கத்து வீட்டுத் தென்னையும் பாதிக்கும்.

தடுக்கும் வழி இரண்டு. முதலாவது, 10 மில்லிமீட்டர் துளை: வண்டின் உடல் அதற்குள் நுழையாது. மூடியும் இறுக்கமாக இருக்கட்டும். இரண்டாவது, காலம். முட்டை வண்டாகி வெளிவர நான்கு மாதமாவது ஆகும். பத்து நாளுக்கொரு முறை கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டு, மூன்று நான்கு மாதத்துக்குள் உரத்தைச் செடிக்கு எடுத்துவிட்டால் அந்தச் சுற்று முடியாது. திறந்த குழியில் ஆண்டுக்கணக்கில் குப்பையைக் குவித்து வைப்பதுதான் ஆபத்து.

கொசுவும் அப்படித்தான். வடியும் சாற்றைப் பிடிக்க வைக்கும் தட்டு, மல்லாந்து கிடக்கும் மூடி, டிரம்மின் விளிம்புப் பள்ளம் ஆகியவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் முட்டையிட்டால் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகும். தட்டை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். அந்தச் சாற்றைச் செடிக்கு ஊற்ற விரும்பினால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரடியில் மட்டும் ஊற்றுங்கள், கீரை இலைமேல் அல்ல.

நிறைந்த டிரம்மை மூடி, கிளறல் மட்டும் தொடர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கறுத்து மண்வாசனை அடிக்கும். அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம். அரைகுறை உரம் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும்.

சலித்த உரம் ஒரு பங்கு, மண் மூன்று பங்கு என்று பாலிபேக்கில் நிரப்பி மிளகாய், வெண்டை வைக்கலாம். கருவேப்பிலை, முருங்கைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கொத்திவிட்டுப் போடுங்கள். சல்லடையில் நிற்கும் சுள்ளியையும் மட்டைத் துண்டையும் எறிய வேண்டாம், அடுத்த டிரம்மின் அடிப்படுக்கைக்கு அவை ஆகும்.