ஹாஃப் மார்னிங்: கறுப்பிலிருந்து ஊதாவுக்கு

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கும் சரித்திரக் காதல் நாவல்களில் இளம் கைம்பெண் கதாநாயகியாக வந்தால், ஏதாவது ஓர் அத்தியாயத்தில் கறுப்பு உடையைக் கழற்றி வைத்துவிட்டு வெளிர் ஊதாவில் படியிறங்கி வருவாள். கதாநாயகனுக்குப் பேச்சு வராது. அந்த ஊதா உடுத்தும் கடைசிக் கட்டத் துக்கத்தின் பெயர்தான் ஹாஃப் மார்னிங் (half-mourning). தமிழ் எழுத்தில் பார்த்தால் ‘பாதிக் காலை’ என்று தோன்றும். காலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துயரப்படு, கவலைப்படு என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த ‘முர்னன்’ என்ற வினையிலிருந்து வந்த மார்னிங் இது. இறந்தவருக்காகத் துக்கம் காப்பதையும், அப்போது உடுத்தும் உடையையும் இந்த ஒரே சொல் குறிக்கும்.

அந்தக் காலத்து நடைமுறை நூல்களில் கைம்பெண்ணின் துக்கத்துக்கு ஓர் அட்டவணையே உண்டு. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் ஓராண்டும் ஒரு நாளும் முழுத் துக்கம்: பளபளப்பே இல்லாத கறுப்புத் துணி, அதன்மேல் கிரேப் என்ற சுருக்கம் விழுந்த பட்டு, முகத்திரை. பிறகு ஒன்பது மாதம் கிரேப் குறையும், அடுத்த மூன்று மாதம் சாதாரணக் கறுப்பு. கடைசி ஆறு மாதம் ஹாஃப் மார்னிங். அப்போது சாம்பல், வெள்ளை, வெளிர் ஊதா எல்லாம் உடுத்தலாம். மொத்தம் இரண்டரை ஆண்டு. மனைவியை இழந்த ஆண் தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டையைச் சுற்றிக்கொண்டால் ஏறக்குறைய முடிந்தது!

இது பெரிய வியாபாரமும்கூட. லண்டன் ரீஜென்ட் தெருவில் துக்க உடைக்கென்றே 1841இல் ஜேஸ் என்ற பெரிய கடை திறந்தார்கள். 1856இல் வில்லியம் பெர்கின் என்ற வேதியியலாளர் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் அந்த நிறம் நாகரிகமாகவே ஆனது. விக்டோரியா அரசி மட்டும் இந்தப் படிக்கு இறங்கி வரவேயில்லை. 1861 டிசம்பரில் அவருடைய கணவர் ஆல்பர்ட் இறந்தார். 1901இல் தான் இறக்கும்வரை அரசி கறுப்பிலேயே இருந்தார்.

நாவலாசிரியர்கள் இந்த ஆறு மாதத்தை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. மனதுக்குள் நடப்பதை ஊரே பார்க்கும்படி உடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனம் ஆறாதவள் அட்டவணைப்படி ஊதா உடுத்த வேண்டியிருக்கும். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பியவள் உள்ளுக்குள் நிம்மதியோடு கறுப்பில் நடமாட வேண்டியிருக்கும். கதை ஓடுவது இந்த இடைவெளியில்தான். அப்புறம் சட்டம். 1882இல் சட்டம் மாறும்வரை மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். கைம்பெண்ணோ தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம். ஆகவே அவள் மறுமணத்துக்குத் தயங்கினால் அது பழைய காதலின் துயரம் மட்டும் என்று படிக்கக் கூடாது. நல்ல நாவல்கள் இதை மறப்பதில்லை. சுமாரானவை ஒரு முத்தத்தில் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்.

பிரெஞ்சில் இதற்கு ‘தெமி தெய்’ என்று பெயர். அங்கே கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு வண்ணத்துப்பூச்சியும் அந்தப் பெயரில் பறக்கிறது. தோலுக்கடியில் கறுப்பு டிரஃபிள் காளான் வில்லைகளைச் செருகிச் சமைக்கும் கோழியும் அந்தப் பெயரில் தட்டுக்கு வருகிறது. துக்கத்தைச் சாப்பாட்டுக்குப் பெயராக வைக்க அவர்களால்தான் முடியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அரைத்துக்கம்’ என்றால் பாதி மனதோடு அழுகிறாள் என்று தொனிக்கிறது. ‘இழவு’ இழத்தலிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் ‘என்ன இழவோ’ என்று சொல்லிச் சொல்லி அதை வசவாக்கிவிட்டோம். ‘கைம்மை’ இங்கே பொருந்தாது. தொல்காப்பியம் கணவனை இழந்தவளின் நிலையைத் தாபத நிலை என்கிறது. அது நோன்பு வாழ்க்கை, முடியும் தேதி கிடையாது. மறுமணத்துக்கு ‘அறுத்துக்கட்டுதல்’ என்று பேச்சுவழக்கில் ஒரு சொல் உண்டு. ஆனால் அறுப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவே உள்ள காலத்துக்குத் தனிப்பெயர் எதுவும் புழக்கத்தில் இல்லை.

என் தேர்வு ‘துக்கத் தணிவு’. காய்ச்சல் தணியும், கோபம் தணியும், தாகம் தணியும். தணிந்தது மறுபடி ஏறவும் கூடும். ‘துக்க ஆறுதல்’ என்று வைக்கலாமே என்பார்கள். ஆறுதல் அடுத்தவர் வந்து சொல்வதாகிவிடும். தவிர, புண் ஆறுவதுபோல் ஆறி முடிந்த நிலையை அது காட்டும். இவளுக்கு இன்னும் முடியவில்லை.

மொழிபெயர்ப்பில், ‘அவள் துக்கத் தணிவில் இருந்தாள்’ என்று காலத்துக்கும், ‘துக்கத் தணிவு உடை’ என்று துணிக்கும் எழுதலாம். முதல்முறை வரும்போது ‘துக்கத் தணிவின் வெளிர் ஊதா’ என்று நிறத்தையும் சேர்த்துவிட்டால் அடிக்குறிப்பு தேவைப்படாது.