பிள்ளை பேசத் தாமதமா? முதலில் காதைப் பாருங்கள்

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டிமார் முடித்துவிடுவார்கள். ஆனால் சிக்கல் மூன்று வகை. 'சட்டை'யைத் 'தட்டை' என்பது உச்சரிப்பு. சின்ன வயதில் பெரும்பாலும் தானே சரியாகும். சொல்வது புரியாமலிருப்பது, சொற்களைச் சேர்க்க வராமலிருப்பது மொழி வளர்ச்சி. மூன்றாவது செவிப்புலன். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவது இவற்றில் எதற்கும் காரணமில்லை. அதற்காகத் தமிழை நிறுத்தாதீர்கள்.

பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறியது இன்றைக்கும் செல்லும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினால் பின்னாளிலும் கேட்பது மங்கும். பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று, கைகாட்டாமல், 'பந்தை எடு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கையசைவையும் முகத்தையும் பார்த்தே சமாளிக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் தேறினாலும் முறையான சோதனை தேவை.

அடுத்து, சிங்கப்பூரில் இருப்பவர்கள் பிள்ளையின் உடல்நலப் புத்தகத்தோடு பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நேரே நிபுணரிடம் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள கட்டணக் கழிவு கிடைக்காது. கடிதம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள சிறார் வளர்ச்சிப் பிரிவுக்குப் போகும். அங்கே மதிப்பிட்டபின், தேவை அதிகமென்றால் ஏழு வயதுக்குட்பட்டோருக்கான 'ஈப்பிக்' தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டத்துக்கு அனுப்புவார்கள். தேவை குறைவென்றால் பாலர் பள்ளியிலேயே உதவி கிடைக்கலாம். காத்திருக்கும் நாட்களிலும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள்.

காது கேட்பது குறைவென்று தெரிந்து செவித்துணைக் கருவி தேவைப்பட்டால், அதற்கு உடற்குறையுள்ளோருக்கு உதவும் 'எஸ்ஜி எனேபல்' அமைப்பு கவனிக்கும் துணைத் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை தருவார்கள். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. மருத்துவமனை மதிப்பீட்டாளர்வழி விண்ணப்பித்து, ஒப்புதல் வந்தபின் வாங்குங்கள். அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். மிச்சத் தொகைக்கு, கடை அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், அரசாங்கமும் பணம் போடும் குழந்தை மேம்பாட்டுக் கணக்கிலுள்ள பணத்தைப் பயன்படுத்தலாம்.

கருவி 'கீய்ங்' என்று விசிலடித்தால் உடனே பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். காது வளர்ந்து, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கலாம். கைக்குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே புது அச்சு தேவைப்படும்.