லாச்சியின் அடிப்பலகை மாரியில் ஏன் இறுகுகிறது?

குசினிக்குப் புதிதாகச் செய்வித்த லாச்சிகள் (இழுப்பறைகள்) மார்கழியில் இழுக்கவே முடியாதபடி இறுகிவிட்டன என்றும், ஆடியில் காய்ந்த கச்சான் காற்று வீசும்போது அவற்றின் அடிப்பலகைகளுக்கிடையே அரிசி ஒழுகும் அளவுக்கு நீக்கல் விழுகிறது என்றும் களுவாஞ்சிக்குடி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த முறை எந்தப் பலகையைப் போடச் சொல்வது என்பது அவருடைய கேள்வி.

காற்றின் ஈரத்துக்கேற்ப மரமும் ஈரத்தை ஏற்று இறக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அது எந்தப் பக்கமாக வீங்குகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. மரத்தின் நார்ச்சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நார் ஓடும் திசையிலேயே படுத்திருக்கின்றன. நீர் அந்த இழைகளின் படிகத்துக்குள் புகுவதில்லை. அவற்றுக்கு இடையில் புகுந்து ஒன்றையொன்று விலக்குகிறது. ஒரு கட்டு ஈர்க்குக்குள் நனைந்த துணியைச் செருகினால் கட்டு பருக்குமே தவிர நீளாது அல்லவா, அதுபோல. முழு ஈரத்திலிருந்து முற்றாக உலரும் வரை பெரும்பாலான மரங்கள் நீளவாட்டில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்குகின்றன. தேக்கோ நாருக்குக் குறுக்கே, வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. 450 மில்லிமீற்றர் அகலமான தேக்குப் பலகையின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால், அகலம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் கூடிவிடும். அமாவாசை பார்த்து வெட்டிய மரம் வீங்காது என்பாரும் உண்டு. பலகைக்கு நிலவு தெரியாது, காற்றின் ஈரம் மட்டுமே தெரியும்.

மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகை (பிளைவுட்) இந்தக் குறையைத் தன்னையே கொண்டு திருத்திக்கொள்கிறது. ஒரு தாளின் நார் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்ததன் நார் வடக்கு தெற்காக ஓடும்படி ஒட்டுகிறார்கள். ஆகவே ஒரு தாள் பருக்க முனையும் திசையில், நீளாத நார்களைக் கொண்ட அயல்தாள் அதைப் பிடித்துவைக்கிறது. இருபுறத்து இழுவையும் சமமாக இருந்தால்தான் பலகை வளையாது என்பதால், தாள்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்கும்.

இதில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. சம தடிப்புள்ள மூன்று தாள்களைக் கொண்ட பலகை வளையும்போது மேல்தாளும் கீழ்த்தாளும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. விறைப்பின் 27 பங்கில் 26 பங்கு அவற்றினுடையது, நடுத்தாளுக்கு எஞ்சுவது ஒரு பங்கே. ஆகவே மேற்பரப்பின் நார், தாங்கல்களுக்கிடையே தூரம் குறைந்த திசையில் ஓட வேண்டும். என் வீட்டு அகன்ற லாச்சிக்குத் துண்டு மிச்சப்படுத்துவதாக நினைத்து மேற்பரப்பின் நார் நீண்ட பக்கமாக, இடம்வலமாகப் போகும்படி நானே அறுத்துக் கொடுத்தேன். அம்மியில் அரைக்கும் கல்லை அதற்குள் வைத்த ஒரே மாதத்தில் அடி தொட்டிலாகத் தொய்ந்தது.

தடிப்பைப் பொறுத்தவரை, விறைப்பு அதன் மூன்றாம் அடுக்குக்கேற்பக் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) கூடுகிறது: 6 மில்லிமீற்றருக்குப் பதில் 9 மில்லிமீற்றர் போட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறையும். கரண்டிகளுக்கு 6 போதும். சட்டி, அரிசி டின் என்றால் 9 போடுங்கள். சாதாரண எம்.டி.எப். பலகையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அழுத்தி ஒட்டிய தூள்நார் நனைந்தால் விரிந்துவிடும்; உலர்ந்த பின்னும் பழைய தடிப்புக்கு மீளாது. பசை நல்லதா என்று அறிய ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிநீரில் அவித்துப் பாருங்கள். பீனோல் பசையில் ஒட்டிய தாள்கள் பிரிவதில்லை. அறுத்த விளிம்புகளுக்கு வார்னிஷ் அவசியம், ஏனெனில் நாரின் வெட்டு முனைகளே நீரை விரைவாக உறிஞ்சுகின்றன. நம் முதிரையும் பாலையும் எவ்வளவு வீங்கும் என்று அளந்து, ஓடாவிமார் (தச்சர்கள்) கையில் வைத்திருக்கத் தக்க தமிழ் அட்டவணை ஒன்றை வெளியிடச் சிறு ஆய்வுநிதி ஒதுக்கினால், அது வீண்செலவாகாது என்பது என் எண்ணம்.

வாசகியின் இப்போதைய லாச்சிகளையும் எறிய வேண்டியதில்லை. பக்கங்கள் இறுகுவதைக் கொண்டு பார்த்தால், ஒட்டுப்பலகையல்லாத, முழுமரத்தாலான அந்த அடிப்பலகைகளின் நார் முன்பின்னாக ஓடுகிறது. நார் இடம்வலமாக ஓடும்படி மாற்றி வெட்டி, பக்கங்களில் ஆணி அடிக்காமல் தவாளிப்புக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) செருகி, பின்பக்கம் 5 மில்லிமீற்றர் வெளி விடச் சொல்லுங்கள். மாரியில் அந்த வீக்கம் பின்னுக்குப் போகும்.