வெயில் ஏறினால் வோல்டேஜும் ஏறும்

லோ வோல்டேஜ் பற்றி நம்ம பக்கம் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பல்லடத்தில் தறி ஓட்டுபவருக்கும், காங்கேயத்தில் போர் மோட்டார் வைத்திருப்பவருக்கும் காயில் கட்டுகிற கூலி அத்துப்படி. ஆனால் கூரையில் சோலார் போட்ட சிலர் இப்போது சொல்வது நேர் எதிரான புகார்: வானத்தில் ஒரு மேகம் இல்லை, அடிக்கிற வெயிலில் இன்வெர்ட்டர் மட்டும் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்', அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம் என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் நாட்டுக்கே பொது. 2013 கடைசியில் தென்மாநில மின்தொகுப்பு மற்றவற்றோடு இணைந்ததிலிருந்து கோயம்புத்தூரிலும் டெல்லியிலும் அது ஒன்றுதான். வோல்டேஜ் அப்படியில்லை, முழுக்க உள்ளூர்ச் சமாச்சாரம். கம்பியின் தடையால் கரண்ட் போகப் போக வோல்டேஜ் குறையும். வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத அதே கதை. கடைசிக் கம்பத்துத் தோட்டத்துக்கும் ஓரளவு கிடைக்கட்டும் என்று டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றி, டிரான்ஸ்பார்மரிலேயே 240 வருகிற மாதிரி வைத்திருப்பார்கள்.

அந்தக் கடைசித் தோட்டத்தில் சோலார் வருகிறது என்று வையுங்கள். மத்தியானம் வீட்டில் ஓடுவது ஒரு ஃபேனும் பிரிட்ஜும்தான், மீதி கரண்ட் முழுக்கக் கம்பி வழியே டிரான்ஸ்பார்மரைப் பார்த்துத் திரும்புகிறது, கடைமடையே தலைமடை ஆகிவிடுகிறது. அரை கிலோமீட்டர் லைனுக்கு பேஸும் நியூட்ரலும் சேர்த்து அரை ஓம் தடை இருந்தால், 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் சோலார் தள்ளுகிற 20 ஆம்பியருக்குச் சுமார் 10 வோல்ட் ஏறும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே பேஸில் போட்டால் 20. டேப் கொடுத்த 240-உடன் சேர்த்தால் 260! பல இன்வெர்ட்டர்கள் 230-க்குப் பத்து சதவீதம் மேலே, 253 வாக்கில் கழன்றுகொள்ளும். கழன்றதும் வோல்டேஜ் இறங்கும், சில நிமிஷம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி கழலும். இப்படியே நல்ல வெயில் நேரம் போய்விடும். டேப்பை இறக்கலாமே என்றால், சாயங்காலம் அதே லைனில் மோட்டார் இழுக்காது.

மலிவான வைத்தியம், சோலார்களை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடுவது. அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு என்பேன். அது உங்கள் வீட்டு டிவியைக் காப்பாற்றும், லைனை ஒன்றும் செய்யாது. அப்புறம், இன்றைய இன்வெர்ட்டர்கள் பல, வோல்டேஜ் ஏறும்போது கொஞ்சம் ரியாக்டிவ் பவரை (வேலை ஏதும் செய்யாமல் லைனில் போய்வந்துகொண்டிருக்கும் மின்சாரம்) இழுத்து அதைக் கீழே இறக்கும், போதாவிட்டால் நின்றுவிடாமல் உற்பத்தியை மட்டும் குறைக்கும். தாழ்வழுத்த லைனில் கம்பியின் தடையே பெரிய பங்கு என்பதால் ரியாக்டிவ் பவர் வழிக்கு அங்கே பலம் குறைவு.

ரியாக்டிவ் பவரை நன்றாக அறிந்தவை உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காத்தாடிகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிகளில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். தன் காந்தத்தைத் தானே உண்டாக்கத் தெரியாததால், வேலை ஏதும் செய்யாமல் போய்வந்துகொண்டிருக்கும் ஒரு கரண்டை அது லைனிலிருந்து வாங்கும். காற்று வலுத்து உற்பத்தி கூடக் கூட இந்த வாங்கலும் கூடும், வோல்டேஜைக் கீழே இழுக்கும். அதற்காகத்தான் கூடவே கெப்பாசிட்டர்கள் வைக்கிறார்கள். கெப்பாசிட்டரிலோ ஒரு குறை: வோல்டேஜ் விழுந்தால் அதன் உதவி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருங்கும், தேவையான நேரத்தில் கை கொடுக்காது. உடுமலையில் மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் வைத்திருக்கும் ஸ்டாட்காம் என்ற எலக்ட்ரானிக் கருவிக்கு அந்தக் குறை கிடையாது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும்.

லைனே வராத மலைக் கிராமத்தில் பேட்டரி இன்வெர்ட்டர்தான் 230-ஐயும் 50 ஹெர்ட்ஸையும் உருவாக்க வேண்டும். பேட்டரி நிறைந்துவிட்டால் அது அதிர்வெண்ணைக் கொஞ்சம் உயர்த்தும்; அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர்கள் தாமாகக் குறைத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாம். சிக்கல் மோட்டாரில். ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும் 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார், கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். இன்வெர்ட்டரின் எலக்ட்ரானிக்ஸ் அவ்வளவு தாங்காது, தன்னைக் காத்துக்கொள்ள வோல்டேஜை விட்டுவிடும், லைட்டெல்லாம் மங்கும். அங்கே மோட்டாருக்கு விஎஃப்டி என்ற வேகம் மாற்றும் கருவி ஒன்றைப் போட்டு மெதுவாகச் சுற்றவிடுவது, இன்னும் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.