இதயக் குளிசை கர்ப்பிணிக்கு எதற்கு?

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமாவுக்கு இதயத்துக்கென்று கொடுக்கும் அதே அஸ்பிரினை, மூன்று மாதக் கர்ப்பிணியான எனக்கும் கிளினிக்கில் எழுதியிருக்கிறார்கள். ஏன்?" முதற்பிள்ளையின்போது அவருக்குப் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போனதாம். காரணம் அதுதான்.

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் குருதி அமுக்கம் 140/90 ஐ எட்டி, சிறுநீரகம், ஈரல், மூளை என்று பதம்பார்க்கும் நோய் இது; பெயர் முன்சூல்வலிப்பு (pre-eclampsia). முற்றினால் வலிப்பு வரும். அதைப் பேய் என்று நினைத்து நூல் கட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். தாராளமாகக் கட்டட்டும்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கட்டட்டும்.

கோளாறு தொடங்குமிடம், தாயிடமிருந்து சிசுவுக்கு ஊட்டம் கடத்தும் சூல்வித்தகம் (placenta). ஆரம்ப மாதங்களில் அதன் கலங்கள் கருப்பையின் சுருளி நாடிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அந்த வேலை அரைகுறையானால் சூல்வித்தகம் குருதிக்குத் தவிக்கும். அது வெளிவிடும் பொருட்கள் தாயின் குருதிக்கலன்களைக் கெடுக்கும். 16 வாரங்களுக்கு முன்பே குளிசையைத் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் (platelets) துரோம்பாக்சேன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது நாடியைச் சுருக்கும், குருதியை உறையத் தூண்டும். கலன்களின் உட்சுவர் சுரக்கும் புரோஸ்டாசைக்கிளின் அதற்கு நேரெதிர். இந்நோயில் துரோம்பாக்சேனின் கை ஓங்கிவிடுகிறது. இரண்டையும் உண்டாக்க ஒரே வகை நொதியம் வேண்டும். அஸ்பிரின் அந்த நொதியத்தின் வாசலில், பூட்டுக்குள் முறிந்த சாவி போல, தன் அசற்றைல் துண்டை நிரந்தரமாக விட்டுவிடுகிறது. அப்படியானால் நல்லதும் நின்றுபோகாதா? போகாது. உட்சுவர்க் கலத்துக்குள் கரு (nucleus) உண்டு. சில மணி நேரத்தில் புதிய நொதியத்தைச் செய்துகொள்ளும். சிறுதட்டுக்குக் கருவே இல்லை! தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாட்களும் அது முடங்கியே கிடக்கும். போதாததற்கு, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் குருதியிலேயே அஸ்பிரின் சிறுதட்டுகளைப் பிடித்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கை ஈரல் சிதைத்துவிடும். சிறிய அளவு போதுமானதாக இருப்பதன் சூட்சுமம் இதுவே. சூல்வித்தகத்துக்கு அது வேறு வழிகளிலும் உதவுகிறதா என்ற விவாதம் ஓயவில்லை.

பலன்? 2017 இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் வீதம் 36 வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரங்களுக்கு முன் பிரசவிக்க வைக்கும் கடுமையான வகை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. அதற்குப் பணம் கொடுத்தவை ஐரோப்பிய ஒன்றியமும் Fetal Medicine Foundation என்ற பிரித்தானிய அறக்கட்டளையும். காப்புரிமை காலாவதியான மலிவு மருந்தில் எந்தக் கம்பனி முதலிடும்? இத்தகைய ஆய்வுக்குப் பொதுப்பணமும் அறக்கொடையும்தான் கதி. நம் அரசுகளும் இதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

வாசகிக்கு ஒன்று: மாமாவின் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம், அளவை வைத்தியரே தீர்மானிக்கட்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே காட்டி, அஸ்பிரின் எடுப்பதையும் சொல்லுங்கள். 2017 இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு தெரியும்தானே? டெங்கு சிறுதட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். எஞ்சியவற்றை அஸ்பிரின் ஏற்கெனவே முடக்கியிருக்கும்.