சென்னைக்கு அடியில் ஒரு சாலை: மேலே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

மந்தைவெளியில் என் பெரியம்மாவின் வீடு எழுபது வருடப் பழசு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை அந்தப் பக்கம் வந்தபோது, கூடத்துச் சுவரில் கோடு போட்ட ஒரு சின்னப் பட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். விரிசல் அகலமாகிறதா என்று பார்க்க. அன்றிலிருந்து காலைக் காபிக்கு முன்னால் அதைப் பார்ப்பது அவர் வழக்கம். போன மாதம் கேட்டார்: "ரயிலு சரி, இப்ப ரோட்டையும் பூமிக்குக் கீழ போடணும்னு பேசறாங்களே. அது வந்தா நம்ம வீடு என்னடா ஆகும்?"

பெங்களூரில் ஹெப்பால் முதல் சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை போடத் திட்டமிருக்கிறது. மும்பைக் கடற்கரைச் சாலையில் 2 கிலோமீட்டர் சுரங்கம் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக்கும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுவதில் ஆச்சரியமில்லை. எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்பதைவிடப் பெரியம்மாவின் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவு. மெட்ரோவுக்குக் குடையும் துளையின் விட்டம் சுமார் 6.6 மீட்டர். கார்கள் போகும் சுரங்கத்துக்கு 12, 13 மீட்டர் வேண்டும். மும்பையில் பயன்பட்ட 'மாவளா' இயந்திரத்தின் விட்டம் 12.19 மீட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் எடுக்கும் மண் நான்கு மடங்காகும்.

குடையும் இயந்திரம் முன்னால் மண்ணை அழுத்திப் பிடித்தபடியே அறுக்கிறது. பின்னால் காங்கிரீட் துண்டுகளைக் கோத்து வளையம் கட்டுகிறது. துளைக்கும் வளையத்துக்கும் நடுவே சில அங்குல இடைவெளி விழும். அதில் உடனுக்குடன் சிமெண்ட் குழம்பை ஏற்றுவார்கள். என்ன செய்தாலும் கொஞ்சம் மண் உள்ளே சரியும். நல்ல வேலையில் அது துளையின் பரப்பில் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும். அந்த இழப்பு மெல்ல மேலேறி, நிலத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளமாக விரியும். கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் எப்படித் தொய்யும்? அந்த வடிவம்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதவீத இழப்பு, களிமண் நிலம். 18 மீட்டர் ஆழத்தில் 6.6 மீட்டர் துளை என்றால், பள்ளத்தின் நடுவில் நிலம் சுமார் 15 மில்லிமீட்டர் இறங்கும். 25 மீட்டர் ஆழத்தில் 13.2 மீட்டர் துளை என்றால் சுமார் 44 மில்லிமீட்டர். பள்ளம் இருபுறமும் ஏறக்குறைய 37 மீட்டர் வரை பரவும். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு குழாய் போட்டால் இரண்டு பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று கூடும்.

வீடு முழுவதும் ஒரே அளவு இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு மூலை இறங்கி மறு மூலை அப்படியே நின்றால்தான் சுவர் கிழியும். மயிலாப்பூர், மந்தைவெளிப் பழைய வீடுகளில் முன்கட்டு சுண்ணாம்புக் காரை, பின்கட்டு பிறகு சேர்த்த சிமெண்ட் கட்டடம். இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு, ஆழம் வேறு. விரிசல் முதலில் வருவது அந்த ஒட்டுப்போட்ட இடத்தில்தான். பெரியம்மா வீட்டுப் பட்டையும் அங்கேதான் இருக்கிறது. ஒட்டியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

சென்னையின் மண் இன்னொரு சிக்கல். கடலோரத்தில் மணல், நடுவில் களிமண், கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சார்னோகைட் பாறை. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் பாறைக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தக் கல் நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து போனது. குடைபவர்களுக்கு முழுப் பாறையும் சரி, முழுக் களிமண்ணும் சரி. கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணல் என்று இயந்திரம் அறுக்கும் ஒரே முகப்பில் இரண்டும் வந்தால்தான் ஆபத்து. பாறை மெதுவாகத்தான் அறுபடும். அதற்குள் மேலே இருக்கும் மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். துளை பெரிதானால் இப்படிக் கலப்பு முகப்பு வரும் வாய்ப்பும் கூடும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் இறங்கியது நினைவிருக்கும். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சரி, ஏன் இவ்வளவு ஆழம்? அடுக்குமாடிகளைத் தாங்க ஆழமாக இறக்கிய தூண்களான பைல் அஸ்திவாரம், மெட்ரோ குழாய் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போக வேண்டும். ஆழம் கூடினால் இறங்கு சரிவும் நீளும். 5 சதவீதச் சரிவில் 25 மீட்டர் இறங்க அரை கிலோமீட்டர் வேண்டும். அதன் முதல் பகுதி வாய் திறந்த பள்ளமாகவே தெருவின் நடுவில் கிடக்கும். அதை யாரும் குறுக்கே கடக்க முடியாது, அங்கே பஸ் நிற்காது, ஓர மரங்களும் போகும். குழாயைவிட இந்தச் சரிவுதான் நிலத்தடி நீருக்கும் கெடுதல். தோண்டும் மாதங்களில் நீரை இறைத்தபடியே இருப்பார்கள், பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு வற்றும். கட்டி முடித்த பிறகு, கடல் நோக்கி நகரும் ஆழமற்ற நீருக்கு அது புதைந்த அணை. அணைக்குக் கடல் பக்கம் நல்ல தண்ணீர் குறைந்தால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேலேறும்.

மண்ணையும் எங்காவது கொட்ட வேண்டும். 13.2 மீட்டர் குழாயில் கிலோமீட்டருக்கு 1,37,000 கனமீட்டர். தோண்டிய மண் உப்பும், சுமார் 1,80,000 ஆகும். டிப்பர் லாரியில் 15,000 நடை, அதுவும் ஒரு குழாய்க்கு மட்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அப்புறம் காற்று. மெட்ரோ மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்குப் புகை கிடையாது. சுரங்கச் சாலையில் ஓடும் வண்டிகள் சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி காற்றை முன்னே தள்ளும். கூரையில் தொங்கும் விசிறிகளும் அதே திசையில் ஊதும். வண்டிகள் மேலே ஓடினால் பல கிலோமீட்டரில் பரவிப்போகும் புகை, வெளியேறும் வாயிலோ புகைபோக்கியிலோ ஒரே இடத்தில் வந்து சேரும். எல்லாம் மின்சாரக் கார் ஆனாலும் டயர் தூசும் பிரேக் தூசும் போகாது. புகைபோக்கி மந்தைவெளிப் பக்கம் வந்தால், கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று அதை மேற்கே நந்தனம் பக்கம் கொண்டுபோகும். இரவில் நிலக்காற்று சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கம் திருப்பும். போகியன்று விடியற்காலையில் புகை தரையோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலக் காலைகளில் உயரம் குறைந்த புகைபோக்கிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் அதுதான் கதி. இவ்வளவுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு மும்பைக் கடற்கரைச் சாலையில் இடமில்லை. இங்கேயும் அப்படியானால், நம் ஊர்ச் சாலைகளை நிறைக்கும் ஸ்கூட்டர்கள் மேலேயே நிற்கும்.

கடைசியாக வெள்ளம். துரைசாமி சப்வேயும் கணேசபுரம் சப்வேயும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பும் ஊர் இது. கோலாலம்பூரில் 2007-ல் திறந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் வெள்ளத்தைக் கடத்தவே வெட்டப்பட்டது. அதில் ஒரு பகுதியில் கார்களும் ஓடும். பெருமழையில் வண்டிகளை வெளியேற்றி, கதவடைத்து, நீரை விடுவார்கள். நமக்கு அது அப்படியே பொருந்தாது. டிசம்பர் புயலில் கடல் பொங்கி நிற்கும்போது அடையாறே வடிய இடமில்லாமல் திணறும். சுரங்கத்திலிருந்து பம்பு இறைக்கும் நீர் எங்கே போகும்? அதனால் உள்ளே தண்ணீர் நுழையாமல் தடுப்பதுதான் வழி. நுழைவாயிலில் சாலையைக் கொஞ்சம் மேடாக்கி, அதன் பிறகே சரிவைத் தொடங்க வேண்டும். திட்டம் வந்தால், அந்த மேடு எவ்வளவு உயரம் என்று அதன் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். 2015-ல் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அங்கே குடியிருப்பவர்கள் கைகாட்டுவார்கள். அந்த மேட்டை அளக்க வேண்டியது அங்கிருந்துதான்.